இரண்டுக்கு எந்த ஊர்?

ஆய்வகத்தில் மூன்றாவது வரிசையில் இருந்த மாணவி கையைத் தூக்கினாள். "சார், ஒண்ணுமே வரல. தப்புன்னும் சொல்ல மாட்டேங்குது."

கொடுத்திருந்த வேலை எளியது. 100-க்குள் உள்ள ஒவ்வொரு பகா எண்ணையும் எடு. அதிலிருந்து ஒன்றைக் கழி, இரண்டால் வகு. வருவதும் பகா எண்ணாக இருந்தால் பட்டியலில் சேர். 11-ஐ எடுத்தால் 5 வரும், 23-ஐ எடுத்தால் 11 வரும். காகிதத்தில் போட்டாலே ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். 5, 7, 11, 23, 47, 59, 83 என்று மொத்தம் ஏழு எண்கள். இவற்றைப் பாதுகாப்பான பகா எண்கள் என்பார்கள். மறைக்குறியீட்டில் இவற்றின் பெரிய உருவங்களுக்கு வேலை உண்டு. பாதியாக வரும் சிறிய எண்களை பிரெஞ்சுக் கணித அறிஞர் சோஃபி ஜெர்மைன் பெயரால் அழைக்கிறோம்.

அவள் சேஜ் என்ற கணித மென்பொருளில் எழுதியிருந்த நான்கு வரிகளிலும் குறை இல்லை. சுழல் சரி, கழித்தல் சரி, வகுத்தல் சரி. ஆனால் கீழே விடையாக இரண்டு சதுர அடைப்புகள் மட்டும் நின்றன, நடுவில் வெறுமை. அதற்கு மேலே இளஞ்சிவப்புப் பின்னணியில் ஒரு நீளமான எச்சரிக்கை. அதை அவள் படிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவனும் படிக்கவில்லை. "அது வார்னிங்தான் சார், எரர் இல்ல" என்றான்.

அந்த எச்சரிக்கையின் சாரம் இது: நீ பகாத்தன்மையைச் சோதிப்பது விகிதமுறு எண்களின் களத்தில். அது களம் என்பதால் விடை எப்போதும் 'இல்லை' என்றே வரும். முழு எண்ணாக மாற்றிவிட்டுக் கேள்.

கணினி எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. கேட்டவளுக்குத்தான் 'களம்' என்ற சொல் அந்த இடத்தில் காதில் விழவில்லை. போன பருவத்தில் இயற்கணிதத் தாளில் களத்தின் வரையறையை ஒரு பிழையும் இல்லாமல் எழுதித் தேறியவள் அவள்.

கணிதக் கணிப்பு மென்பொருள்களைக் கல்லூரியில் சொல்லித்தரும் நம்மில் பெரும்பாலோர் ஒரு கருத்தில் ஊறிப்போயிருக்கிறோம். பயிற்சி வகுப்புகளில் அதைக் கேட்கலாம், ஆசிரியர் அறையில் கேட்கலாம், பாடத்திட்டம் வகுக்கும் கூட்டங்களிலும் கேட்கலாம். "கலைச்சொல்லில் நேரத்தைப் போக்காதீர்கள். கட்டளையைக் கையில் கொடுங்கள், பிள்ளைகள் அடித்துப் பழகட்டும், பெயர்கள் பின்னால் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். இவையெல்லாம் பெரிய கால்குலேட்டர்கள்தானே?" இதற்குத் துணையாக ஓர் உவமையும் தயாராக இருக்கிறது: குழந்தை இலக்கணம் படித்துவிட்டா பேசுகிறது?

இந்தக் கருத்து தவறு என்பதே என் கட்சி. ஏதோ ஓரிடத்தில் சற்றுக் கூடுதலாகச் சொல்லப்பட்ட நல்ல கருத்து என்றுகூட இதை விட்டுவிட முடியவில்லை. அடிப்படையே தவறு. சேஜ் போன்ற ஒரு மென்பொருளின் முதல் ஏழெட்டுச் சொற்கள் அதன்மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டுகள் அல்ல. அவை கணிதம். நாம் காகிதத்தில் கணக்குப் போடும்போது சொல்லாமலே தாண்டிப் போகும் வேறுபாடுகளை அந்தச் சொற்கள் சொல்லவைக்கின்றன. அவற்றைப் பின்னுக்குத் தள்ளுகிறவர் கணிதத்தைத்தான் பின்னுக்குத் தள்ளுகிறார்.

குழந்தை உவமையை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. குழந்தை இலக்கணம் படிக்காமல்தான் பேசுகிறது. ஆனால் அது "நேத்து வருவேன்" என்று சொன்ன உடனே அம்மா "வந்தேன்னு சொல்லு" என்கிறாள். தவறு தவறாகவே காதில் விழுகிறது, அங்கேயே திருத்தம் கிடைக்கிறது. அடித்துப் பழகுவது பயன்படுவதற்கு இது தேவை: தவறு செய்தால் தவறு என்று தெரிய வேண்டும். அடைப்புக்குறியை மூடாமல் விட்டால் தெரிகிறது. கட்டளையின் எழுத்தை மாற்றினால் தெரிகிறது. அப்படிப்பட்ட விஷயங்களை அடித்தே பழகட்டும், எனக்கு மறுப்பே இல்லை. பட்டன் எங்கே இருக்கிறது என்பதற்கெல்லாம் பாடம் வேண்டாம். ஆனால் அந்த மாணவியின் திரையில் நடந்தது வேறு. சேஜ் தவறு செய்யவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான விடை தந்தது. அவள் கேட்டதாக நினைத்த கேள்வியும், அவள் உண்மையில் கேட்ட கேள்வியும் இரண்டு. அந்த இடைவெளியை எத்தனை முறை அடித்தாலும் விரல்கள் கண்டுபிடிக்காது.

அந்த இடைவெளிக்கு சேஜில் ஒரு பெயர் இருக்கிறது. பேரன்ட்.

இந்தச் சொல்லைக் கேட்டதும் 'பெற்றோர்' என்று மொழிபெயர்த்து, மாணவர்களைப் பாதி வழியிலேயே தொலைத்துவிடுகிறோம். 2-ஐப் பெற்றது யார் என்பது இங்கே கேள்வி அல்ல. 2 எந்தக் கணத்தின் உறுப்பாக, எந்த விதிகளுக்கு உட்பட்டு இருக்கிறது என்பதே கேள்வி. நம் ஊர்ப் பேருந்தில் புதியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் முதலில் என்ன கேட்கிறோம்? "எந்த ஊர்?" பேர் பிறகுதான். ஊர் தெரிந்தால் பேச்சு, பழக்கம், சாப்பாடு, உறவுமுறை எல்லாம் பாதி தெரிந்துவிடுகிறது. பேரன்ட் என்பது அந்தக் கேள்விதான். வகுப்பில் நான் அப்படியே கேட்கிறேன்: இந்த 2-க்கு எந்த ஊர்?

சேஜில் வெறுமனே 2 என்று அடித்துப் பேரன்ட்டைக் கேட்டால் முழுக்களின் வளையம் என்று சொல்லும். 4/2 என்று அடித்தால் திரையில் அதே 2 தான் வரும். அதன் பேரன்ட்டைக் கேட்டுப் பாருங்கள்: விகிதமுறு எண்களின் களம். வகுத்தல் என்ற செயல் முழுக்களுக்குள் அடங்காது. 3/2 முழு எண் அல்ல. ஆகவே வகுத்தல் நடந்த மாத்திரத்தில் விடையை சேஜ் விகிதமுறு எண்களின் ஊரில் குடிவைத்துவிடுகிறது, தற்செயலாக மீதியின்றி வகுபட்டாலும்கூட. வகுபட்டதா இல்லையா என்று பார்த்து ஊரை மாற்றுவது ஒழுங்கு ஆகாது. அந்த ஊரில் பூச்சியம் தவிர ஒவ்வோர் எண்ணுக்கும் பெருக்கல் நேர்மாறு உண்டு. எல்லாமே அலகுகள். அலகைப் பகா எண் என்று சொல்லும் வழக்கம் எந்த வளையத்திலும் இல்லை. எனவே அங்கே 2 பகா எண் அல்ல, 5-ம் அல்ல, 11-ம் அல்ல. இயற்கணிதப் புத்தகத்தில் அரைப் பக்கத்தில் வரும் சேதி இது. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கி வைத்திருக்கிறார்கள். அது நேரில் வந்து நின்றபோது யாரும் அடையாளம் காணவில்லை.

'வெறும் கால்குலேட்டர்' என்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த இடத்தைத்தான். கால்குலேட்டரிடம் 4-ஐ 2-ஆல் வகுக்கச் சொன்னால் 2 என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். அதற்கு ஊர் இல்லை.

இன்னும் சற்று உள்ளே போகலாம். எக்ஸ்² − 2 என்ற பல்லுறுப்புக்கோவையைக் காரணிப்படுத்தச் சொல்கிறேன். கெழுக்கள் விகிதமுறு எண்கள் என்றால் சேஜ் அதை உடைக்காமல் அப்படியே திருப்பித் தரும். மெய்யெண்கள் என்றால் 1.41421356237310 என்ற எண்ணை வைத்து இரண்டு காரணிகள் வரும். ஏழு உறுப்புகள் கொண்ட முடிவுறு களம் என்றால் (எக்ஸ் + 3)(எக்ஸ் + 4). பெருக்கிப் பாருங்கள்: எக்ஸ்² + 7எக்ஸ் + 12. அந்தக் களத்தில் 7 என்பது பூச்சியம், 12-ம் −2-ம் ஒன்றே. மூன்று விடைகளும் சரி. 'எக்ஸ்² − 2-இன் காரணிகள் என்ன?' என்ற கேள்விதான் முழுமையில்லாத கேள்வி. பள்ளியிலிருந்து அந்தக் கேள்வியை ஊர் சொல்லாமலே கேட்டுப் பழகிவிட்டோம். கேள்வித்தாளும் ஊர் சொல்லாது, ஆசிரியரும் சொல்லமாட்டார், எல்லோருக்கும் மௌனமாகத் தெரிந்திருக்கும் என்று ஓர் ஏற்பாடு. கணினியோடு அந்த மௌன ஏற்பாடு செல்லாது.

பேரன்ட் என்ற இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. வில்லியம் ஸ்டைன் 2005-இல் சேஜைத் தொடங்கினார். எண்கோட்பாட்டு ஆய்வாளர். அதற்கு முன்பு சிட்னிப் பல்கலைக்கழகத்தில் உருவான மேக்மா என்ற இயற்கணித மென்பொருளுக்கு நிரல் எழுதியவர். மேக்மா, மேப்பிள், மேத்தமேட்டிகா, மேட்லேப் என்ற நான்குக்கும் மாற்றாக, யாரும் திறந்து பார்க்கக்கூடிய கட்டற்ற மென்பொருள் ஒன்று வேண்டும் என்பது அவருடைய இலக்கு. எல்லாவற்றையும் புதிதாக எழுதாமல் பாரி, கேப், மேக்சிமா, சிங்குலர் என்று ஏற்கெனவே இருந்த திட்டங்களைப் பைத்தான் மொழியால் ஒன்றாகக் கட்டினார். ஒவ்வொன்றும் தன் போக்கில் எண்ணையும் கோவையையும் வைத்துக்கொள்ளும் திட்டம். அவற்றை ஒரே கூரையின்கீழ் வைத்தால் 'இது எந்த வகைப் பொருள், யாரிடம் அனுப்ப வேண்டும்' என்று ஒவ்வோர் அடியிலும் தெரிந்தாக வேண்டும். மேக்மாவில் புழங்கிவந்த பேரன்ட் என்ற கருத்து அங்கே தூணாக நின்றது. அதை அலங்காரம் என்று நினைக்கிறவர் தூணை உருவிவிட்டு வீட்டுக்குள் குடியேறச் சொல்கிறார்.

'ஒரு மென்பொருள் பழகினால் போதும், மற்றதெல்லாம் அதே மாதிரிதான்' என்ற கிளைக் கருத்தும் இங்கேயே விழுகிறது. மேத்தமேட்டிகாவில் எல்லாமே எக்ஸ்பிரஷன், ஒவ்வொரு எக்ஸ்பிரஷனுக்கும் ஒரு ஹெட், அதாவது அதன் வகையைச் சொல்லும் தலைச்சொல். அங்கே 4/2 உடனே முழு எண்ணாகிவிடும், பகா எண்ணா என்றால் ஆம் என்று வரும். மேட்லேப் அணிகளுக்காகப் பிறந்தது, பெயரே 'அணி ஆய்வகம்' என்பதன் சுருக்கம். அங்கே 2 என்பதும் ஒன்றுக்கு ஒன்று அளவுள்ள அணிதான். வெறும் பைத்தானில் 4/2 என்றால் 2.0, புள்ளி வைத்த எண். ஒரே நான்கு, ஒரே இரண்டு, ஒரே கோடு. எண் என்றால் என்ன என்பதில் ஒவ்வொன்றும் ஒரு நிலை எடுத்திருக்கிறது. அந்த நிலை எழுதப்பட்டிருப்பது அதன் அடிப்படைச் சொற்களில். கட்டளைப் பட்டியலில் அதைத் தேடினால் கிடைக்காது.

பேரன்ட்டை ஒட்டி வரும் இன்னொரு சொல் கோயர்ஷன். அகராதியைப் பார்த்தால் வற்புறுத்தல், பலவந்தம் என்று இருக்கும். சேஜில் அதன் பொருள் கிட்டத்தட்ட நேர்எதிர். யாரும் கேட்காமலே இயல்பாக நடக்கும் மாற்றம் அது. முழு எண்ணையும் விகிதமுறு எண்ணையும் கூட்டினால், முழு எண் தானாக விகிதமுறு எண்களின் ஊருக்குப் போகும். அந்தப் பாதை ஒன்றே ஒன்று, அதில் ஐயத்துக்கு இடமில்லை. ஏழு உறுப்புக் களத்தின் 3-ஓடு சாதாரண 5-ஐக் கூட்டினால் விடை 1. ஐந்து அந்தக் களத்துக்குள் போய்விட்டது. அதே 3-ஓடு ஐந்து உறுப்புக் களத்தின் 2-ஐக் கூட்டச் சொன்னால் சேஜ் மறுத்துவிடும், ஏனென்றால் இருவரும் போய்ச் சேரத்தக்க ஊர் ஏதும் இல்லை. இதற்கு மாறாக, நாமே கேட்டு நடத்தும் மாற்றம் கன்வர்ஷன். 4/2-ஐ முழு எண்ணாக்கு என்றால் ஆக்கும். 1/2-ஐ ஆக்கு என்றால் முடியாது என்று சொல்லும். தானாக நடப்பது எது, கேட்டால் மட்டும் நடப்பது எது, கேட்டாலும் நடக்காதது எது என்ற இந்த மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை நவீன இயற்கணிதத்தில் ஓமோமார்ஃபிசம் பாடத்தில் ஒரு மாதம் நடத்துகிறோம். ஆய்வகத்தில் அரை மணி நேரத்தில் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது, பெயர் சொன்னால்.

1/2-ஓடு 0.5-ஐக் கூட்டச் சொல்லுங்கள். 1 என்று வராது. ஒன்று, புள்ளி, அதன்பின் பதினான்கு சுழியங்கள் வரும். மாணவர்கள் அந்தச் சுழியங்களைத் தூசு போலப் பார்க்கிறார்கள். அவை ஒரு சேதி: துல்லியமான ஊரிலிருந்து தோராயமான ஊருக்கு வந்துவிட்டோம், இங்கே 53 பிட் அளவுக்குத்தான் எண்ணைத் தாங்க முடியும். அந்த ஊரில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் திரையில் 0.300000000000000 என்றே தெரியும். அது 0.3-க்குச் சமமா என்று கேட்டால் இல்லை என்று வரும். கண்ணுக்குச் சமம், கணக்குக்குச் சமம் இல்லை. இதை 'கம்ப்யூட்டர் தப்பு' என்று ஒரு முதுகலை மாணவன் என்னிடம் அடித்துச் சொன்னான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'மெய்யெண்' என்ற சொல்லை அவனுக்குக் காகிதம், கணினி என்ற இரண்டு இடத்திலும் ஒரே பொருளில் கொடுத்தது நாம்தான்.

பேரன்ட் புதுச் சொல், அதனால் குழப்பம் என்று யாரேனும் சொல்லக்கூடும். சரி, எல்லோருக்கும் தெரிந்த பழைய சொல்லுக்கு வருவோம். மாறி.

சேஜைத் திறந்ததும் எக்ஸ் என்று அடித்தால் எக்ஸ் என்று பதில் வரும். ஒய் என்று அடித்தால் அப்படி ஒரு பெயரே தெரியாது என்று பிழைச் செய்தி வரும். முதல் வகுப்பில் ஆண்டு தவறாமல் வரும் கேள்வி: "சார், எக்ஸ் வேலை செய்யுது, ஒய் ஏன் செய்யல?" காரணம் எளிது. எக்ஸ் என்ற பெயருக்கு ஒரு குறியீட்டு மாறியை சேஜ் முன்கூட்டியே கட்டிவைத்திருக்கிறது. மற்ற எழுத்துகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். ஆனால் இந்த விடையைச் சொல்ல வேண்டுமென்றால் 'குறியீட்டு மாறி' வேறு, 'பைத்தான் மாறி' வேறு என்று சொல்லியாக வேண்டும். அதைத்தான் நேரத்தைப் போக்குவது என்று ஒதுக்கிவைத்தோம்.

ஒதுக்கியதற்கு இரண்டாம் வகுப்பில் விலை கொடுக்கிறோம். ஒரு மாணவன் எஃப் என்ற பெயருக்கு எக்ஸ்² + 1 என்ற கோவையைக் கொடுக்கிறான். அடுத்த வரியில் எக்ஸ் = 5 என்கிறான். எஃப் என்ன என்று கேட்கிறான். 26 வரும் என்று காத்திருக்கிறான். எக்ஸ்² + 1 என்றே வருகிறது. எக்ஸ் என்ற பெயர்ச்சீட்டைக் குறியீட்டிலிருந்து எடுத்து 5-இன்மேல் ஒட்டினான். எஃப்-க்குள் இருப்பது சீட்டு அல்ல, குறியீடே. அது இருந்த இடத்தில் இருக்கிறது. இன்னொருத்தி, சுழலுக்கு எக்ஸ் என்று பெயர் வைத்து 0 முதல் 4 வரை ஓட்டிவிட்டு, பத்து வரி தள்ளி எக்ஸ்² என்று எழுதுகிறாள். 16 வருகிறது. அவளுடைய எக்ஸை அவளே எடுத்துப் போய்விட்டாள். மீட்க ஒரே வரி போதும், ஆனால் தொலைந்தது என்ன என்று தெரிந்தவருக்குத்தான் அந்த வரி.

இன்னும் மூன்றாவது எக்ஸ் ஒன்று இருக்கிறது, பல்லுறுப்புக்கோவை வளையத்தின் ஆக்கி. எந்த எண்ணுக்கும் பதிலாக நிற்காமல், தன்னளவிலேயே வளையத்தின் உறுப்பாக இருப்பது அது. பள்ளியில் 'மாறி' என்ற ஒரே சொல்லுக்குள் கண்டுபிடிக்க வேண்டிய எண், எதுவாகவும் இருக்கக்கூடிய எண், எண்ணே அல்லாத வெறும் குறி ஆகிய மூன்றையும் போட்டு மூட்டை கட்டினோம். பிள்ளைகள் இயற்கணிதத்தில் திணறுவதற்கு இந்த மூட்டையே ஒரு காரணம் என்பது என் நெடுநாள் எண்ணம். சேஜ் மூட்டையைப் பிரித்துத் தருகிறது. நாம் 'அதெல்லாம் பேர்தானே' என்று மறுபடி கட்டிவைக்கிறோம்.

சமக்குறியிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் ராபர்ட் ரெக்கார்டு 1557-இல் அந்த இரட்டைக் கோட்டை அச்சில் ஏற்றினார். அன்றுமுதல் அது பல வேலைகளைச் சேர்த்துச் செய்துவருகிறது. இந்த இடத்தில் நம் தமிழ்வழிப் பாடநூல்கள் மற்றவர்களைவிட நன்றாகவே செய்திருக்கின்றன: சில மதிப்புகளுக்கு மட்டும் பொருந்துவது சமன்பாடு, எல்லா மதிப்புகளுக்கும் பொருந்துவது முற்றொருமை. தமிழில் படித்து வந்த பிள்ளையிடம் இந்த வேறுபாடு கையில் இருக்கிறது. சேஜில் ஒற்றைச் சமக்குறி (=) பெயர் சூட்டுவது; இரட்டைச் சமக்குறி (==) சமன்பாட்டை எழுதிவைப்பது; அந்தச் சமன்பாடு எப்போதும் மெய்தானா என்று கேட்பது மூன்றாவது செயல். மூன்றாவதில் ஒரு நுட்பம் உண்டு. அது 'ஆம்' என்றால் ஆம். 'இல்லை' என்றால், பொய் என்று பொருளாகலாம், அல்லது மெய் என்று என்னால் காட்ட முடியவில்லை என்றும் பொருளாகலாம். நிறுவ முடியாமைக்கும் பொய்க்கும் உள்ள தூரம் கணிதத்தில் சின்னத் தூரமா? அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் மாணவரைக் கணினி முன் உட்காரவைத்தால், உண்மையான முற்றொருமையைப் பொய் என்று எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

கெர்னல் என்ற சொல்லை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். சேஜை ஓட்டப் பயன்படும் ஜூபிடர் நோட்புக்கில் கெர்னல் என்றால் பின்னால் இருந்து கணக்குப் போடும் நிரல். பக்கத்தில் செல்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்பது அதற்குத் தெரியாது; எந்த வரிசையில் ஓட்டினோம் என்பதே தெரியும். மேலே இருக்கும் செல்லைக் கடைசியாக ஓட்டினால், கடைசி நிலை அதுதான். அழகாக அச்செடுத்துத் தந்த ஒரு செய்முறை ஏட்டில் விடைகள் கேள்விகளோடு பொருந்தாமல் இருந்தன. மாணவன் ஏமாற்றவில்லை, வரிசை மாறி ஓட்டியிருந்தான். அதே சேஜில் அணியின் கெர்னல் என்றும் ஒன்று உண்டு. முதல் வரிசை (1, 1), இரண்டாம் வரிசை (0, 0) என்ற அணியைக் கொடுத்துக் கெர்னலைக் கேளுங்கள். பாடநூலில் நாம் போடும் விடை (1, −1). சேஜ் (0, 1) என்று தரும். அணிக்கு இடப்பக்கம் வெக்டரை வைத்துப் பெருக்கிப் பார்ப்பது சேஜின் வழக்கம், நம் பாடநூல் வலப்பக்கம் வைக்கிறது. வலப்பக்கத்துக்கு வேறு கட்டளை உண்டு. விடைத்தாள் திருத்தும்போது சொல்லின் பொருளை அறியாத ஆசிரியர் சரியான விடையைத் தவறு என்று அடித்துவிடுவார்.

இப்போது புதிதாக ஒரு வாதம் கிளம்பியிருக்கிறது. நிரலை இயந்திரமே எழுதித் தருகிறது, தமிழில் கேட்டால்கூடத் தருகிறது, இனி இந்தச் சொற்கள் எதற்கு? நான் திருப்பிக் கேட்கிறேன்: தொடக்கத்தில் சொன்ன அந்த நான்கு வரிகளை மாணவிக்குப் பதிலாக இயந்திரம் எழுதிக் கொடுத்து, வெற்றுப் பட்டியல் வந்தால், அதைப் பார்த்து என்ன கேட்பது? "ஏன் வரவில்லை?" என்று கேட்பதற்கே, வந்திருக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். 100-க்குள் ஏழு எண்கள் என்று காகிதத்தில் சரிபார்த்துவிடலாம். 100 இலக்க எண்களைச் சோதிக்கும்போது காகிதம் துணைக்கு வராது. எழுதும் வேலை கையை விட்டுப் போனால் மிஞ்சுவது வாசிக்கும் வேலை. வாசிப்பதற்குச் சொல் வேண்டும்.

மறுபக்கம் இருப்பவர்களையும் நான் விடுவதாக இல்லை. சொல் முக்கியம் என்று ஒப்புக்கொண்டு, உடனே அதை இரண்டு பக்கப் பட்டியலாக்கி, செய்முறை ஏட்டின் தொடக்கத்தில் எழுதவைத்து, வாய்மொழித் தேர்வில் 'பேரன்ட் என்றால் என்ன?' என்று கேட்டு, ஒப்பித்தால் இரண்டு மதிப்பெண் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மாணவி களத்தின் வரையறையைத் தெரிந்துதான் வைத்திருந்தாள். பட்டியல் அவளைக் காப்பாற்றவில்லை. சொல்லை அது வேலை செய்யும் இடத்தில் வைத்துச் சொல்ல வேண்டும்: திரையில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு 2-களை அருகருகே வைத்து, ஊரைக் கேட்டு, இரண்டையும் பகா எண்ணா என்று சோதித்து, ஒன்று ஆம் மற்றொன்று இல்லை என்று வருவதைக் கண்ணால் பார்த்து, அதன்பிறகு பேர் சொல்ல வேண்டும். முதல் வகுப்பில் நான் வேறு எதையும் நடத்துவதில்லை. ஒரு முழு மணி நேரமும் அந்த இரண்டு 2-களுக்கே போகிறது. "போர்ஷன் முடியுமா?" என்று சக ஆசிரியர்கள் கவலையோடு கேட்டிருக்கிறார்கள். முடிகிறது. முன்பெல்லாம் பருவம் முழுக்க ஆளுக்கு ஆள் தனித்தனியாகத் தேடிக்கொண்டிருந்த பிழைகள் இப்போது அந்த அளவுக்கு வருவதில்லை.

அன்று அவளிடம் எச்சரிக்கையை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். படித்தாள். 'களம்' வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நான் ஒன்றும் சொல்லாமலே, வகுத்தல் கோட்டைத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் இரட்டை வகுத்தல் கோடு (//) போட்டாள். முழுக்களுக்குள்ளேயே வகுக்கும் வகுத்தல் அது. ஓட்டினாள். ஏழு எண்களும் வரிசையாக வந்தன.

எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. "அப்போ சார், அந்த ஊர்ல பகா எண்ணே கிடையாதா? ஒண்ணுகூடவா?" என்று கேட்டாள். சாக்பீஸை நீட்டினேன். கரும்பலகைக்குப் போய் முதல் வரியாக 2 × 1/2 = 1 என்று எழுதினாள். அதன்கீழே 3 × 1/3 = 1 என்று எழுதத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தி, இரண்டையும் அழித்துவிட்டு, "பூச்சியமல்லாத ஏதேனும் ஒரு விகிதமுறு எண்ணை எடுத்துக்கொள்க" என்று தொடங்கினாள்.